புது நாட்டில் நாணயம்

ஆண்டுதோறும் ஆடி மாதம் பிறக்கும் சமயத்தில் நம் விடுதிகளில் ஒரு பரபரப்பைக் காணலாம். மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அமெரிக்கா செல்லும் நண்பர்கள் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். குக்கர் பெரியதா சிறியதா, பருப்புப் பொடி எத்தனை கிலோ, கம்பளிச் சட்டையை இங்கு வாங்குவதா அங்கு வாங்குவதா என்று நீண்ட பட்டியல் தயாராகும். அப்பட்டியலில் பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'டாலர் மாற்ற வேண்டும்.'

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு புத்தகமே இருக்கின்றது. நம்மில் சிலருக்கு அதைச் சொல்லித்தர நியூ ஜெர்ஸியில் ஒரு சித்தப்பாவோ, கலிபோர்னியாவில் ஓர் அத்தை மகனோ இருப்பார்கள். ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இராமநாதபுரத்துச் சிற்றூரிலிருந்து வந்து, தந்தையார் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பெற்ற கடனில் கடல் கடக்கும் மாணவனுக்கு யார் இருக்கின்றார்கள்? தவறு நேர்ந்தால் மிகுதியாக இழப்பவன் அவன்தான். ஆனால் விவரம் கடைசியாகக் கிட்டுவதும் அவனுக்கே. அந்தக் குறையைச் சிறிதேனும் நீக்கலாம் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் இன்னும் கடல் கடந்தவன் அல்லன். தாமிரபரணிக் கரையிலிருந்து இந்த வடபுலத்துக்கு வந்ததே என் பெரும் பயணம். முன்னே சென்ற நண்பர்கள் எழுதியவற்றையும், இரு நாட்டு விதிகளையும் படித்துத் திரட்டியதே இங்குள்ளது.

நம் மொழியில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். 'நாணயமான மனிதர்' என்று ஊரார் ஒருவரைச் சொன்னால், அவருக்குப் பத்திரம் இல்லாமலே கடன் கிடைக்கும். அந்தப் பெயரை அவர் பாட்டனார் காலத்திலிருந்து ஊரே அறியும். புது நாட்டுக்குப் போகிறவன் காசைக் கொண்டு போகலாம். பெயரைக் கொண்டு போக முடியாது. அங்கே அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே முதல் ஆண்டில் அவன் செய்யவேண்டிய வேலை பணம் சேர்ப்பது மட்டுமன்று. நாணயமானவன் என்னும் பெயரை ஏட்டில் ஏற்றுவதுமாகும். இனி வருவன யாவும் இக்கருத்தின் விரிவே.

உதவி ஆசிரியர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் பதவியில் சம்பளம் பெற்றுக்கொண்டு, எஃப்-1 விசாவில் படிக்கச் செல்லும் மாணவரை மனத்தில் கொண்டு எழுதுகின்றேன். சொந்தச் செலவிலோ கடனிலோ முதுகலை படிக்கச் செல்வோருக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

1. புறப்படுமுன்

முதலில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதைக் காண்போம். வகுப்புகள் ஆகஸ்டு மாத இறுதியில் தொடங்கினால், முதற் சம்பளம் செப்டம்பர் நடுவிலோ இறுதியிலோதான் கைக்கு வரும். அதற்குள் வீட்டு வாடகை ஒரு மாதத்துக்கும், முன்பணம் மற்றொரு மாதத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். பாத்திரம், படுக்கை, பல்கலைக் கழகத்துச் சில்லறைக் கட்டணங்கள் ஆகியவை வேறு. ஆதலின் இரண்டு மாதச் செலவும், அதற்குமேல் வீட்டு முன்பணமும் கையில் இருப்பது நலம். சம்பளம் உறுதியாகிவிட்டதே என்று வெறுங்கையுடன் செல்வோர் முதல் மாதத்திலேயே பிறரிடம் கடன் கேட்க நேரும்.

இந்திய ரிசர்வ் பாங்கியின் தாராளப் பணவனுப்புத் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-ல் இத்திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000 டாலர்தான். 2015-ல் இன்றைய அளவுக்கு உயர்ந்தது. ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குப் பாங்கி முன்கூட்டியே ஒரு வரியைப் பிடித்து வைக்கும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலிருந்து வாங்கிய கல்விக் கடன் பணமானால் இப்பிடித்தம் இல்லை. பிடித்த தொகையும் போய்விட்டதாகக் கருத வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதனைச் சரிக்கட்டவோ திரும்பப் பெறவோ முடியும். யார் பெயரில் பணம் செல்கின்றதோ அவர் கணக்கில்தான் அவ்வரி வரவாகும். தந்தை பெயரில் அனுப்பினால் தந்தை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கையில் ரொக்கமாக மிகுந்த டாலரைக் கொண்டுசெல்ல வேண்டாம். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். சில நூறு டாலரே போதும். மிச்சத்தைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ரொக்கம் முதலியவையாக மொத்தம் 10,000 டாலருக்கு மேல் எடுத்துச் செல்வோர் அமெரிக்கச் சுங்கச் சாவடியில் எழுதிக் காட்ட வேண்டும். கொண்டு செல்வது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

அடுத்து, இங்குள்ள பாங்கிக் கணக்கு. வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர், அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதப்படுவார் என்று ரிசர்வ் பாங்கி 2003-ல் தெளிவுபடுத்தியது. ஆகவே நம் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். பலர் இதைச் செய்யாமல் ஆண்டுக் கணக்கில் விட்டுவிடுகின்றனர். என்.ஆர்.ஓ. கணக்கு இந்தியாவில் கிடைக்கும் வரவுக்கு. அதன் வட்டியில் 30 விழுக்காடு வரியும் மேல்வரியும் பிடிப்பார்கள். அங்கிருந்து சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. என்னும் வேறொரு கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தை மீண்டும் டாலராக்கி எடுத்துச் செல்லவும் தடையில்லை. இரண்டையும் ஒரே பாங்கியில் வைத்துக்கொண்டால் வேலை எளிது.

பி.பி.எஃப். கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம்; வெளிநாடு வாழ்வோர் புதிதாகத் தொடங்க இயலாது. எல்லாவற்றினும் சிறியதாகத் தோன்றிப் பெருந்தொல்லை தருவது கைப்பேசி எண். பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணை விட்டுவிட்டால் நம் பணத்தை நாமே தொட முடியாது. எண் உயிரோடு இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறும் வசதியைப் புறப்படுமுன் சோதித்துப் பாருங்கள்.

2. எண்ணும் கணக்கும்

அமெரிக்காவில் ஒருவரை அடையாளங் காட்டுவது ஒன்பது இலக்கங்கொண்ட ஸோஷல் செக்யூரிட்டி எண். 1935-ல் முதியோர் ஓய்வூதியத்துக்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் எண்கள் வழங்கப்பட்டன. யார் எவ்வளவு சம்பாதித்தார் என்று கணக்கு வைப்பதற்காகப் பிறந்த அந்த எண், நாளடைவில் வரி, பாங்கி, கடன், வாடகை எல்லாவற்றுக்கும் திறவுகோலாகிவிட்டது.

எஃப்-1 மாணவருக்கு வேலை இருந்தால்தான் இவ்வெண் கிடைக்கும். துறையிலிருந்து வேலைக் கடிதமும், அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு சான்றும் பெற்று, நாட்டுக்குள் வந்து சுமார் பத்து நாள் கழித்து விண்ணப்பிப்பது வழக்கம். பத்து நாள் ஏனெனில், நம் வருகை அரசாங்கப் பதிவேடுகளில் ஏறுவதற்கு அவகாசம் வேண்டும். அட்டைக்குக் கட்டணம் இல்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு, அட்டையைப் பூட்டி வையுங்கள். வேலையின்றி உதவித்தொகை மட்டும் பெறுவோருக்கு இவ்வெண் கிடைக்காது. அவர்கள் வரிக்கணக்குக்கென ஐ.டி.ஐ.என். என்னும் வேறோர் எண்ணைப் பெறலாம்.

பாங்கிக் கணக்குக்கு இந்த எண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டு, விசா, ஐ-20 படிவம், முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு பல பாங்கிகள் மாணவருக்குக் கணக்குத் திறக்கின்றன. அங்கே அன்றாடப் புழக்கத்துக்கு 'செக்கிங்' கணக்கு, சேமிப்புக்கு 'சேவிங்ஸ்' கணக்கு என இரண்டு உண்டு. திறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: மாதக் கட்டணம் உண்டா? குறைந்த இருப்பு எவ்வளவு? இருப்புக்கு மேல் எடுத்தால் அபராதம் என்ன? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. நான்கு டாலர் காப்பிக்கு அதைப்போலப் பல மடங்கு அபராதம் விழக்கூடும். இருப்புக்கு மேல் பணம் தரும் ஏற்பாட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

பாங்கி முறிந்தால் என்ன ஆகும்? 1929-ல் தொடங்கிய பெருமந்தத்தின்போது ஆயிரக்கணக்கான பாங்கிகள் மூடப்பட்டு மக்கள் சேமிப்பை இழந்தனர். அதன் பயனாக 1933-ல் எஃப்.டி.ஐ.சி. என்னும் காப்பீட்டு நிறுவனம் அமைந்தது. இன்று ஒருவருக்கு ஒரு பாங்கியில் 2,50,000 டாலர் வரை அது காப்பளிக்கின்றது. நம் நாட்டில் இதே வேலையைச் செய்யும் நிறுவனத்தின் வரம்பு 2020 முதல் 5 லட்சம் ரூபாய்.

பாங்கிகள் மட்டுமன்றி 'கிரெடிட் யூனியன்' என்னும் அமைப்புகளும் அங்கு உண்டு. பல பல்கலைக் கழகங்களுக்கெனத் தனியே ஒன்று இருக்கும். இது நமக்குப் புதியதன்று. உறுப்பினரே உடைமையாளராக உள்ள நம் கூட்டுறவு நாணயச் சங்கமே அது. 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த உடனேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. கடனுக்கு 'நாணயம்' என்று பெயர் வைத்த நம் முன்னோர், கடன் கொடுப்பது காசைப் பார்த்தன்று, ஆளைப் பார்த்தே என்பதை நன்கு அறிந்திருந்தனர். கிரெடிட் யூனியன்களில் கட்டணம் பெரும்பாலும் குறைவு; புதியவருக்குச் சிறு கடன் அட்டை கொடுக்கவும் அவை முன்வருவதுண்டு. அவற்றிலுள்ள பணத்துக்கும் இதே அளவு காப்பீடு இருக்கின்றது.

3. நாணய மதிப்பெண்

இங்கே நமக்கு எத்தனை நல்ல பெயர் இருந்தாலும், நம் சிபில் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது பொதுவாகக் கடலைத் தாண்டாது. அங்கே நம் ஏடு வெற்றேடு. அதனால் வீடு கொடுப்பவர் கூடுதல் முன்பணம் கேட்பார். கைப்பேசி நிறுவனம் தயங்கும். கார் வாங்கினால் வட்டி ஏறும்.

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று நிறுவனங்கள் ஒவ்வொருவருடைய கடன் வரலாற்றையும் எழுதி வைக்கின்றன. அந்த ஏட்டிலிருந்து 300 முதல் 850 வரையுள்ள ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகின்றது. 1989 முதல் வழங்கிவரும் ஃபைகோ முறையில் 100-ல் 35 பங்கு, தவணை தவறாமல் கட்டியதற்கு. கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தினோம் முதலியவற்றுக்கு 30 பங்கு. வரலாற்றின் நீளத்துக்கு 15. புதுக் கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. நாம் எவ்வளவு சம்பாதிக்கின்றோம் என்பதற்கு இதில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். செல்வந்தனா ஏழையா என்று அது கேட்கவில்லை. சொன்ன நாளில் கட்டினாயா என்றுதான் கேட்கின்றது.

ஆய்வகத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு கூறுவதில்லை; பலமுறை அளந்து, அளவுகள் ஒத்து வந்தாலே நம்புகின்றோம். கடன் மதிப்பெண்ணும் அவ்வாறே. ஒருநாள் பெருந்தொகை கட்டுவதால் அது உயராது. மாதந்தோறும் சிறு தொகையைத் தவறாமல் கட்டினால் உயரும்.

தொடங்குவது எப்படி? வரலாறு இல்லாதவர் கடன் அட்டை கேட்டால் மறுப்பார்கள். அட்டை இல்லாவிட்டால் வரலாறு பிறக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கப் பிணை அட்டை இருக்கின்றது. 200 அல்லது 500 டாலரைப் பாங்கியில் பிணையாக வைத்தால், அதே அளவு வரம்புள்ள ஓர் அட்டை தருவார்கள். 500 டாலர் வரம்பானால் மாதம் 150 டாலருக்குள், அஃதாவது 30 விழுக்காட்டுக்குள், செலவு செய்து முழுத்தொகையையும் கெடுநாளுக்குள் கட்டிவிட வேண்டும். கணக்கிலிருந்து தானே கட்டப்படும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். பல மாதம் ஒழுங்காகக் கட்டினால் பிணைப் பணத்தைத் திருப்பித் தந்து சாதாரண அட்டையாக மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு.

இங்கு ஒரு பொறியும் இருக்கின்றது. பில்லில் 'குறைந்தபட்சம் கட்டவேண்டியது 25 டாலர்' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் பெயர் கெடாது. ஆனால் மிச்சத்துக்கு வட்டி ஓடும். ஆண்டு வட்டி 24 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 1,000 டாலர் பாக்கிக்கு மாதம் 20 டாலர் வட்டிக்கே போய்விடும். 25 டாலர் கட்டியவருக்குக் கடனில் குறைவது 5 டாலரே. மதிப்பெண் உயர வட்டி கட்டவேண்டும் என்று சிலர் கூறுவது பிழை. முழுத்தொகையைக் கட்டுபவருக்கும் மதிப்பெண் உயரும்.

மூன்று நிறுவனங்களின் ஏட்டையும் சட்டப்படி இலவசமாகப் பார்க்கலாம். தம்மைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால் திருத்தக் கோரலாம். 1970-ல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இவ்வுரிமையை உறுதி செய்கின்றது. மற்றொருவர் கடனுக்குக் கூட்டுக் கையெழுத்துப் போடுவது ஊரில் ஜாமீன் நிற்பதைப் போன்றதே. அவர் கட்டத் தவறினால் நம் ஏட்டில்தான் கறை படியும்.

மணமாகி மனைவியையோ கணவரையோ அழைத்துச் செல்வோருக்கு ஒரு சொல். எஃப்-2 விசாவில் வருபவர் வேலை செய்ய முடியாது. அவருக்கு ஸோஷல் செக்யூரிட்டி எண்ணும் கிடைப்பதில்லை. வரவும் இல்லை, வரலாறும் இல்லை. நேற்றுவரை ஆசிரியையாகவோ பொறியாளராகவோ இருந்தவர், காய்கறி வாங்கவும் பிறரைக் கேட்கும் நிலை வந்துவிடும். பாங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் திறந்து, அவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும்படி செய்வது முதல் வாரத்திலேயே முடியக்கூடிய காரியம். கணக்கில் எவ்வளவு இருக்கின்றது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

4. வரி

வேலையில் சேர்ந்ததும் டபிள்யூ-4 என்னும் படிவம் தருவார்கள். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்பது அதைப் பொறுத்தது. எஃப்-1 மாணவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக வரிச்சட்டப்படி 'குடியிராத அயலார்'. ஆண்டில் ஒரு நாள் இருந்தாலும் அது ஓர் ஆண்டு. 2026 ஆகஸ்டில் செல்பவருக்கு 2026 முதல் 2030 வரை அந்நிலை; 2031-லிருந்து பெரும்பாலும் குடியிருப்பவராகிவிடுவார். இந்த நிலையை ஒட்டி இரண்டு சலுகைகள் இருக்கின்றன. இரண்டையும் அறியாமல் இழப்போர் பலர்.

முதலாவது, ஸோஷல் செக்யூரிட்டி, மெடிகேர் என்னும் பிடித்தங்கள். மற்ற ஊழியருக்கு 6.2 விழுக்காடும் 1.45 விழுக்காடுமாக 7.65 விழுக்காடு பிடிப்பார்கள். குடியிராத எஃப்-1 மாணவருக்கு, விசா அனுமதிக்கும் வேலையில் இப்பிடித்தம் இல்லை. ஆண்டுச் சம்பளம் 30,000 டாலரானால் இது 2,295 டாலர். முதற் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் இவ்விரு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறிப் பிடித்திருந்தால் முதலில் சம்பள அலுவலகத்திடமே கேட்கவேண்டும்.

இரண்டாவது, இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் கையெழுத்திட்ட வரி உடன்படிக்கை. குடியிராத அயலாருக்கு அமெரிக்காவில் நிலைக்கழிவு என்னும் வரிவிலக்குத் தொகை பொதுவாகக் கிடையாது. ஆனால் இவ்வுடன்படிக்கையின் 21-ஆம் பிரிவின்படி, இந்தியாவிலிருந்து சென்ற மாணவருக்கு மட்டும் அது உண்டு. 2025-ஆம் வரியாண்டில் தனியொருவருக்கு அத்தொகை 15,750 டாலர். கணக்கிட்டுப் பார்ப்போம். சம்பளம் 30,000 டாலர். கழிவு இல்லையெனில் முதல் 11,925 டாலருக்கு 10 விழுக்காடும் மிச்சத்துக்கு 12 விழுக்காடுமாக மத்திய அரசு வரி சுமார் 3,361 டாலர். கழிவு உண்டெனில் வரிக்குரிய தொகை 14,250 டாலர்; வரி சுமார் 1,471 டாலர். வேறுபாடு 1,890 டாலர். ஒரு படிவத்தில் ஒரு வரி எழுதுவதற்கு இவ்வளவு ஊதியம் வேறெங்கும் கிடைக்காது!

ஜனவரி இறுதிக்குள் சம்பளத்துக்கு டபிள்யூ-2 சான்று வரும். உடன்படிக்கைக்கு உட்பட்ட வரவுக்கும் உதவித்தொகைக்கும் 1042-எஸ் என்னும் சான்று மார்ச் நடுவில் வரலாம். இவற்றைக் கொண்டு ஏப்ரல் 15-க்குள் 1040-என்.ஆர். படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் ஒரு டாலரும் இல்லாதவரும், உடன் வந்த மனைவி மக்களும், 8843 என்னும் படிவத்தை அனுப்பவேண்டும். வருமானமில்லாதவர்க்குக் கெடு ஜூன் 15. பலரும் விளம்பரத்தில் காணும் வரி மென்பொருள்கள் பெரும்பாலும் குடியிருப்பவருக்கான 1040 படிவத்தையே நிரப்பும். அது நமக்குரியதன்று. பல பல்கலைக் கழகங்கள் அயல்நாட்டு மாணவருக்கெனத் தனி மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. அதையே கேட்டு வாங்குங்கள். மாநில வரி வேறு. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா போன்ற சில மாநிலங்களில் சம்பளத்துக்கு அது இல்லை.

ஐந்தாண்டு கழிந்து குடியிருப்பவர் ஆனபின் நிலை மாறும். அப்பொழுது இந்தியாவில் கிடைக்கும் வட்டியையும் அங்கே காட்டவேண்டும். இங்கு வரியில்லாத என்.ஆர்.இ. வட்டிக்கும் அங்கு வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கையும் தரவேண்டும். ஆராய்ச்சிப் பட்டம் பெற ஆறாண்டு ஆகும் என்பதால், நம்மில் பலர் மாணவராக இருக்கும்போதே இந்த எல்லையைக் கடப்பார்கள்.

5. சம்பளத்தைப் பங்கிடுதல்

1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து இராமானுசன் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் குடும்பத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கப்பட்டது. டிரினிட்டிக் கல்லூரி மேலும் 60 பவுன் தந்தது. எளிய வாழ்க்கையினரான அவர் அதிலும் கணிசமாக மிச்சம் பிடித்தார். பின்னர் நோயுற்றபோது அச்சேமிப்பு உதவிற்று. 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கு 50 பவுனும் தம் தேவைக்கு வேண்டியதும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அனாதைகள் ஆகியோரின் கல்விக்குச் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

கணித மேதையின் இந்த வரவுசெலவில் உயர்கணிதம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு எவ்வளவு என்பது முதலில் நிச்சயம். பிறகு தம் செலவு. பிறகு நோய்க்கும் நெருக்கடிக்கும் சேமிப்பு. இந்த வரிசையையே நாமும் கொள்ளலாம். வீட்டுக்கு அனுப்பும் தொகையைச் சிறியதாயினும் நிலையாக வையுங்கள். ஒரு மாதம் பெருந்தொகை, மூன்று மாதம் ஒன்றுமில்லை என்பதைவிட, மாதம் 100 டாலர் என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். முதலாண்டு முடிவதற்குள் மூன்று மாதச் செலவைத் தனியே சேர்த்து வைப்பது அடுத்த இலக்கு. விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், உள்ளூரார்போல வெளியே வேறு வேலை தேடிக்கொள்ளும் வழி இல்லை என்பதை மறக்கக்கூடாது.

கல்விக் கடன் உள்ளோர் வட்டியைக் கவனிக்கவேண்டும். பொதுவாகப் படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அது கட்டாத காலமேயன்றி வட்டியில்லாக் காலம் அன்று. 20 லட்சம் ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டியானால் ஆண்டுக்கு 2 லட்சம். இரண்டாண்டில் கடன் 24 லட்சமாகி நிற்கும். மாதம் சுமார் 16,700 ரூபாயை வட்டிக்கென அனுப்ப முடிந்தால் கடன் 20 லட்சத்தில் நிற்கும். முழுவதும் இயலாவிடினும் பாதியேனும் கட்டலாம். அடகில் இருப்பது நாம் பிறந்த வீடு.

பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் தருகின்றார்கள் என்பதையும் பாருங்கள். 'கட்டணமே இல்லை' என்று கூறிவிட்டு மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வோர் உண்டு. 2026 தொடக்கத்திலிருந்து ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு அமெரிக்க அரசு 1 விழுக்காடு வரி விதிக்கின்றது. பாங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பினால் அவ்வரி இல்லை.

மருத்துவச் செலவு அங்கே ஒருவரைக் கடனாளியாக்கப் போதுமானது. பல்கலைக் கழகக் காப்பீட்டில் நம் கையிலிருந்து முதலில் கட்டவேண்டிய தொகை எவ்வளவு, ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று சேரும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு மாணவர் மருத்துவ நிலையம் போதும். உயிருக்கு ஆபத்தெனில் மட்டும் பணத்தை எண்ணாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

6. இரண்டு எச்சரிக்கைகள்

எஃப்-1 மாணவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே கடையிலோ உணவகத்திலோ ரொக்கக் கூலிக்கு வேலை செய்வது விசா நிபந்தனையை மீறுவதாகும். மணிக்கு 10 டாலருக்காகப் படிப்பையே பணயம் வைக்கும் செயல் அது. தவிரவும், அப்படிப்பட்டவரிடம் முதலாளி கூலியைப் பிடித்துக்கொண்டால், அவர் யாரிடம் போய் முறையிடத் துணிவார்?

மற்றொன்று தொலைபேசி மோசடி. 'வரி இலாகாவிலிருந்து பேசுகின்றோம், உடனே பணம் கட்டாவிட்டால் கைது' என்று மிரட்டுவார்கள். அமெரிக்க வரி இலாகா வழக்கமாக முதலில் தபாலிலேயே எழுதும்; பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல் என்று ஒருநாளும் கேட்காது. 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோடில், இவ்வாறு அமெரிக்கரை மிரட்டிப் பணம் பறித்த அழைப்பு நிலையங்களைத் தானே போலீசார் கண்டுபிடித்தனர். அங்கிருந்தவர்களில் பலர் நம் வயது இளைஞர்கள் என்பது வருந்தத்தக்கது. யார் அழைத்தாலும் வைத்துவிட்டு, அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

7. நாம் செய்யத்தக்கது

இங்கே எழுதியவற்றில் மறைபொருள் எதுவும் இல்லை. எல்லாம் அச்சில் உள்ளவையே. எனினும், தேவைப்படுகின்ற வாரத்தில் தேவைப்படுகின்றவன் கண்ணில் அவை படுவதில்லை. சித்தப்பா உள்ளவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைப்பது, இல்லாதவனுக்கு இரண்டாயிரம் டாலர் இழந்தபின் கிடைக்கின்றது.

நம் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் குறிப்பேடுகள் இருக்கின்றன. கடல் கடப்போருக்கும் ஒரு குறிப்பேடு வைக்கலாம் என்று செயற்குழுவினரை வேண்டுகின்றேன். போகிறவர் ஒவ்வொருவரும் முதலாண்டு முடிவில் அதற்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும்: எந்த ஊர், எவ்வளவு வாடகை, எந்தப் படிவம், எங்கே வழுக்கிற்று, யார் உதவினார்கள் என்று. விதிகள் மாறும்போது பின்வருபவர் பழைய பக்கத்தைத் திருத்தட்டும். கணக்குத் திறக்கவும் பிணை அட்டை வாங்கவும் துணைக்கு வரக்கூடியவர் எந்தெந்த ஊரில் இருக்கின்றார் என்பதையும் அதில் குறித்து வைக்கலாம்.

இவ்வாண்டு புறப்படும் நண்பர்களே, இந்த மலரைப் பெட்டியில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதற் சம்பளச் சீட்டு வரும் நாளில் நான்காம் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள். குறிப்பேட்டின் முதற் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கும்.